தராசில் தொங்கிய துரை

— அம்பதாயிரம். தலைக்கி மட்டும் செல்லல்ல தங்கச்சி. தொப்பி, அரைக்கால்சட்ட, முதுகுல தொங்குற கூடை, எல்லாத்தோடயும் சேத்து முழுத் தொரைக்கும் அம்பதாயிரம்.

— மொஹிதீன் நானா, போன தீபாவளிக்கி ஒரு சேலையில கொஞ்சம் கொறைக்கச் சொன்னதுக்கு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்தீங்க. இன்னிக்கி எங்க தோட்டத்துத் தொரை மாதிரி செதுக்குன உள்ளங்கை நீளத்து மரப்பொம்மைக்கி அம்பதாயிரமா? மொதல்ல தண்ணி குடிங்க.

— சேலை வேற, இது வேற. இது கலை. கலைக்கி வெலை ஈக்கா, நீங்களே செல்லுங்க?

— இல்லைன்னா அம்பதாயிரம்னு எப்புடிக் கண்டுபுடிச்சீங்க?

— வெலை இல்லாத சாமானுக்குத்தான் நாம முந்திக்கிட்டு வெலை செல்லணும். மத்தவன் செல்லிப்போட்டா நமக்கு நட்டம். பதுளை பசார்ல எங்கட வாப்பா காலத்துலேருந்து அப்பிடித்தான்.

— அது விக்கிறதுக்கில்ல.

— அறுவது.

— இஸ்தோப்புத் திண்ணையில சாரல் அடிக்கிது, உள்ளாற தள்ளி ஒக்காருங்க. விக்கிறதுக்கில்ல.

— தெமோதரைல பஸ்ஸ விட்டு எறங்கி, இந்த மழையில, இந்த முட்டிக் காலோட ஏறி வந்தீக்கன். என்ட முட்டிக்காகச் சரி யோசிங்களேன்.

— ஒங்க முட்டிக்கி தைலம் தர்றேன். பொம்ம தரமாட்டேன். ஆமா, வாங்குறது யாரு? ஒங்க காசு அறுவதாயிரம் வெளிய வராதுன்னு எனக்குத் தெரியும்.

— எல்ல டவுன் ஹோட்டல்ல நிக்கிற ஒரு வெள்ளக்காரி. கடைக்கி வந்தா. போன்ல இந்தப் பொம்மட வீடியோவக் காட்டினா. இந்த மனிசன் எனக்கு வேணும் இன்டா.

— கல்யாணம் ஆகாதவளா?

— தங்கச்சி!

— இல்ல, கேட்டேன். மர வேலைதான் ஆசைன்னா அந்தப் பலகையில பாருங்க, வரிசையா இருக்கு. அது அட்ட. கால்ல ஏறுற அட்டதான், ரத்தம் குடிச்சு வீங்கிப்போயி இருக்கிற மாதிரி. அது மூணாம் லயத்து வீட்டு நாயி, தூங்குது. இது கொட்டாவி விடுற பக்கத்து வீட்டு ரெங்கம்மா அக்கா. வெள்ளக்காரிக்கி மூணையும் சும்மாவே குடுங்க.

— அடியே சந்திரகாந்தி, அங்க என்னடி என் பேரு அடிபடுது?

— ஒன்னுமில்ல ரெங்கம்மாக்கா, ஒங்க கொட்டாவிய மொஹிதீன் நானாவுக்கு விக்கப் பாத்தேன்.

— எவ்வளவுக்கு கேக்குறாரு?

— சும்மா குடுத்தாலும் வேணாங்கிறாரு.

— பாத்துக்க! தொரைக்கி மட்டும் வெலை, நமக்கு வெலையில்ல. வேணாம்னா போகச் சொல்லு, போன மாசம் குடுத்த கவுனு சாயம் போச்சுன்னும் சொல்லு!

— கேட்டுச்சு, கேட்டுச்சு. அந்தக் கவுன மாத்தித் தாறன், சத்தம் போட வேணாம் செல்லுங்க. தங்கச்சி, காதுல கெடக்குறது என்னது? தங்கமில்லயே.

— மரந்தான். தேயிலப் பூவு. தேயிலக் கட்டையிலயே தேயிலப் பூவு.

— காட்டுங்களேன். அல்லாவே, எதழெல்லாம் தாளு மாதிரி ஈக்கிதே. இத எப்பிடி வழவழண்டு எடுத்த?

— ஒடஞ்ச கண்ணாடித் துண்டால சொரண்டி, தேங்காண்ணெ தடவுனது. கத்தின்னா அதோ, தேஞ்சுபோன மீன் வெட்டுற கத்தி. வேற ஒன்னுமில்ல.

— என்ட கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சா பறந்துரும். ஒரு டசன் செஞ்சு தாங்களேன்.

— பாத்தீங்களா, டசன்னுட்டீங்க. அந்த வார்த்தைய சொன்ன நிமிசமே இது வேலையாயிரும் நானா. கொழுந்து பறிக்கிறது கம்பெனிக்கி. சோறாக்குறது வீட்டுக்கு. இது ஒன்னுதான் எனக்கு. ஞாயித்துக்கெழம மத்தியானம் கத்திய எடுத்தேன்னா, எத்தன கிலோன்னு எவனும் வந்து கேக்க முடியாது. மூக்குக் கோணிப்போச்சுன்னா அரைச் சம்பளம்னு யாரும் வெட்ட முடியாது. கோணுன மூக்கு எவ்வளவோ இருக்கு என்கிட்ட, எல்லாம் சந்தோசமாத்தான் இருக்குதுங்க.

— சரி, டசன் வேணாம். தொரை ஒண்டு போதும். எழுவது. இதுக்கு மேல கேட்டா வெள்ளக்காரி அழுதுருவா.

— போன் அடிக்கிது பாருங்க.

— அடிக்கட்டும்.

— எடுங்க நானா, வெள்ளக்காரியா இருக்கப்போவுது.

— ஹலோ... ஆ, ராமநாதன் சேர்... ஓ, ஓ, லயத்துலதான் நிக்கிறன்... இல்ல சேர், இன்னம் இல்ல... எழுவது வரைக்கும் போயீக்கிறன்... மிச்சம் தலக்கனம் பிடிச்ச பொம்பிள சேர்... ஆ, தொரைட்ட செல்லுங்க, அந்திக்குள்ள எப்பிடியும்... சரி சேர், சரி.

— வெள்ளக்காரி நல்லாத் தமிழ் பேசுறா.

— சிக்னல் சரியில்ல இங்க.

— பேரு ராமநாதனாமே. எங்க கணக்கப்புள்ள ஐயா பேரும் அதேதான். அவருதான் எங்க கொழுந்த நிறுக்கிறாரு. என்ன பொருத்தம்!

— சரி தங்கச்சி, விடுங்க. புடிபட்டுட்டன். தொரைதான் அனுப்பின. கணக்கப்புள்ள சேர் கடைக்கே வந்து, மொஹிதீன், அந்த லயமெல்லாம் ஒனக்குப் பழக்கம், நீ போ இன்டார்.

— தலக்கனம் புடிச்ச பொம்பளைன்னது?

— அது வெலைய ஏத்துறதுக்கு செல்ற. ஒங்களுக்கு நல்லதுதானே செஞ்ச. கேளுங்களேன், அந்த மனிசன்ட நெலமையையும் யோசிக்கணும். வீடியோ கொழும்பு ஆபீசுக்குப் போயிட்டாம். மீட்டிங்ல போயி ஒக்காந்தா, பெரியவங்க எல்லாம் அவர்ட முதுகுப் பக்கம் எட்டிப் பாத்து, கூடை எங்க இன்டு கேக்குறாங்களாம்.

— சிரிக்காம சொல்லுங்க நானா.

— சிரிக்கல்ல. இருமல். அன்டைக்கு உண்மையில என்னதான் நடந்த? வீடியோல ஒங்கட ஆக்கள் சிரிக்கிற சத்தத்துல ஒன்டும் வெளங்கல்ல.

— அதுக்கு ஒரு மாசம் முந்திலேருந்து சொல்லணும். காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்களத்துல நாங்க நிக்கிறோம். பள்ளத்து மலையிலேருந்து கூடையத் தூக்கிக்கிட்டு ஏற முடியல, பாதிவழியிலயே கொழுந்த நிறுத்து எடுக்க ஒரு நிறுவ போடுங்கன்னு கேட்டோம். அவ்வளவுதான் கேட்டோம். தொரை சொன்னாரு, பாரம் பாரம்னு அழுவுறீங்களே, நான் லாப்டொப் பேக்க நாளெல்லாம் தோள்ல சொமக்கலியான்னு.

— அப்பிடியே சென்னாரா?

— அப்பிடியே. மைக்க வச்சுக்கிட்டு. ஒரு மாசம் கழிச்சு, இந்தப் பொம்ம என் பையில இருந்துச்சு. எங்க கூடக் கொழுந்து பறிக்கிற துவாரகா புள்ள எதையோ தேடுறப்ப பாத்துட்டா. தொப்பி தொரைது, தொந்தி தொரைது, நெத்தியில எங்க கூடைக் கயிறு. ஒரே கூத்து. அந்தி நிறுவ நேரம், எவளோ ஒருத்தி அதக் கொண்டுபோயி தராசுக் கொக்கியில மாட்டிவிட்டுட்டா.

— கணக்கப்புள்ள சேர் பாத்துக்கிட்டா இருந்த?

— எங்க பாத்தாரு? மழக்கோட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு போன் பாத்தாரு. தராசுல என்ன தொங்குதுன்னு அவரு எப்பவுமே பாக்குறதில்ல. பழக்கதோசத்துல, தண்ணிக்கி ரெண்டு கிலோ, கூடைக்கி ஒரு கிலோ கழின்னுட்டாரு.

— அல்லாவே!

— கழிச்சோம். கழிச்சுப் பாத்தா தொரை மூணு கிலோ கிட்ட எங்களுக்குக் குடுக்கணும். நாளைக்கி விடியறதுக்குள்ள பறிச்சுக் குடுக்கச் சொல்லுங்கன்னு ரெங்கம்மாக்கா கத்துனாங்க. அதத்தான் துவாரகா வீடியோ எடுத்துட்டா.

— ஹா... ஹா... மூணு கிலோ... என்ட வயிறு... தண்ணி தாங்க தங்கச்சி.

— இந்தாங்க. மெதுவா.

— அடியே, என்னடி அவரு இப்புடிச் சிரிக்கிறாரு? வித்துட்டியா?

— விக்கல ரெங்கம்மாக்கா!

— விக்காத! பாத்துக்க, நாளன்னைக்கி மறுபடி நிறுக்கணும். இந்த மழைக்கி எவ்வளவு எளச்சிருக்காருன்னு பாக்கணும்!

— சரி, சிரிச்சாச்சு. இனி ஒரு கசப்பான கதை செல்லணும். கோவப்பட வேணாம். நான் தூது மட்டுந்தான்.

— சொல்லுங்க.

— காசு தாற கதை இன்டைக்கு அந்தியோட முடியுது. நாளக்கிக் காலையில பெரட்டுக்கு முன்ன பொம்ம ஆபீசு மேசைக்கி வரல்லாட்டி, தொரை பொலிசுல முறைப்பாடு என்ட்ரி போடுறாராம்.

— என்னன்னு? தொரைக்கி வலிக்கிற மாதிரி செதுக்கிட்டாங்கன்னா?

— களவு இன்டு. தேயிலக் கட்ட கம்பெனி சொத்தாம். கம்பெனி மரத்த எடுத்து பொம்ம செஞ்சீக்கி இன்டு எழுதி, வேலையிலேருந்து நிப்பாட்டுறாராம். நிப்பாட்டினா இந்த லயத்துக் காம்பராவயும் திருப்பிக் கேப்பாங்க. ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு எங்க போற?

— இது எனக்குக் காலையிலேயே தெரியும்.

— தெரியுமா? யார் சென்ன?

— வரவேண்டிய எடத்துலேருந்து வந்துச்சு. நானா, ஏழாம் நம்பர் மலையில பழைய தேயிலயப் புடுங்கிப் போட்டாங்க. வெறகுக்கு எடுத்துக்கங்கன்னு பெரட்டுக்களத்துல சொன்னது யாரு? இதே தொரை. இதே மைக்குல. இந்த லயம் முழுக்க அதத்தான் எரிக்கிது. நீங்க குடிச்ச டீ அந்தக் கட்டையிலதான் கொதிச்சிச்சு.

— எரிக்கத்தானே குடுத்த, செதுக்கவா குடுத்த இன்டு கேக்குறார்.

— எரிச்சா வெறகு, செதுக்குனா களவு! அப்ப எந்த எடத்துல வெறகு முடிஞ்சு களவு ஆரம்பிக்கிது? கட்டையத் தூக்குனப்பவா? தோல உரிச்சப்பவா? மூக்கு வச்சப்பவா?

— தொப்பி வச்சப்ப இன்டுதான் நெனக்கிறன்.

— பாத்தீங்களா! அட்டையச் செதுக்குனேன், யாரும் என்ட்ரி போடல. நாயச் செதுக்குனேன், போடல. ரெங்கம்மாக்காவ வாயத் தொறந்தபடி செதுக்குனேன், கம்பெனிக்கி ஒரு நட்டமும் இல்ல. தொப்பி போட்ட பொறகுதான் கம்பெனிக்கி மரம் ஞாபகம் வருது.

— ஞாயம் நீங்க செல்றதுதான். ஆனா ஞாயத்த வச்சு அடுப்பு எரியுமா? ஒங்கட புருசன் விஜேந்திரன் என்ன செல்ற?

— கொழும்புல இருக்காரு, போன்ல சொன்னேன். சிரிச்சாரு, பெறகு பயந்தாரு, பெறகு குடுத்துருன்னாரு. மூணும் ஒரே மூச்சுல.

— புத்தியுள்ள மனிசன். கேளுங்களேன், என்ட தலையும் இதுல மாட்டிக் கெடக்கு. வெறுங்கையோட போனா, இனி இந்தத் தோட்டத்து கேட்டுக்குள்ள சேல மூட்டையோட வர வேணாம் இன்டுட்டார் கணக்கப்புள்ள சேர். ஒங்கட லயத்துல எனக்கு எவ்வளவு நிலுவ வெளிய நிக்கிது தெரியுமா?

— கேட்டு மூடுனா என்ன? நாங்க எறங்கி வந்து பதுளையில வாங்குறோம். நிலுவையையும் கொண்டாந்து குடுப்போம். எங்க சனத்துக்கிட்ட ஒங்களுக்கு எப்பவாச்சும் காசு வராமப் போயிருக்கா?

— இல்ல. அப்பிடி செல்லேலா. வராமப் போகல்ல.

— அப்ப பயப்படாதீங்க.

— சரி, வியாபாரிட மூளையால ஒரு வழி செல்றன். பொம்ம ஒங்கள்ட்டயே இருக்கட்டும். மூக்க மட்டும் லேசா சீவி விடுங்க. மூக்கு போனா அது யாரோ ஒரு மனிசன். நான் போயி, தொரை, அது நீங்க இல்ல, யாரோ தொப்பி போட்ட கெழவன் இன்டு சத்தியம் பண்றன்.

— ஒரு சீவலும் சீவமாட்டேன்.

— தொப்பிய?

— மாட்டேன்.

— சரி, கூடைய? கூடைய எடுத்துட்டா அவர் நடந்து போற ஒரு பெரிய மனிசன். மரியாதையா ஈக்கும்.

— கூடைய எறக்குறதுக்கு ஒரு வழி இருக்கு நானா.

— ஆ, இப்ப வந்தீங்களே வழிக்கி! செல்லுங்க, செல்லுங்க.

— நாளைக்கிக் காலையில தொரை பெரட்டுக்களத்துக்கு வரட்டும். அதே மைக்கப் புடிக்கட்டும். ஒரு கூடைய, கொழுந்து நெறஞ்ச கூடைய, கயித்த நெத்தியில மாட்டி, பள்ளத்து மலையிலேருந்து ரோட்டு வரைக்கும் தூக்கிட்டு வரட்டும். வந்து, பாரமா இருக்குன்னு ஒரு வார்த்த. மன்னிப்புகூட வேணாம். பாரமா இருக்கு. அவ்வளவுதான். அப்பறம் கூடைய எறக்கலாம்.

— தங்கச்சி, ஒங்களுக்கு வெலை செல்லத் தெரியாது இன்டு நெனச்சன். இது எழுவதாயிரத்த விட மிச்சம் கூட.

— கொறைக்கிறதுக்கில்ல.

— ஒரு பேச்சுக்குக் கேக்குறன். அந்த மனிசன் அப்பிடித் தூக்கி, அப்பிடிச் சென்னா, பொம்மயக் குடுப்பீங்களா?

— அப்பிடிச் சொல்லிட்டாருன்னா, குடுத்துடலாமான்னு நானே கேட்டுப் பாக்குறேன்.

— நில்லுங்க.

— என்ன?

— கேட்டுப் பாக்குறன் இன்டீங்களே. யார்ட்ட?

— மழ விடுற மாதிரி இருக்கு பாருங்க.

— ஒங்கட சாமானக் குடுக்குறதுக்கு நீங்க யார்ட்ட கேக்கணும்? சந்திரகாந்தி, என்ட மொகத்தப் பாருங்க. மழையில ஏறி வந்து, இவ்வளவு நேரமும் சொந்தக்காரி இல்லாத ஆளோடயா நான் வெலை பேசின?

— விக்கிறதுக்கில்லன்னுதான் சொன்னேன். என்னோடதுன்னு எப்பவாச்சும் சொன்னேனா?

— யா அல்லா! பசார்ல தலை காட்டேலாது. அப்ப இத நீங்க செதுக்கல்லயா?

— மெதுவா, மெதுவா. ரெங்கம்மாக்கா! ஒங்க அடுப்புல என்னமோ பொங்குற சத்தம் கேக்குது!

— அடுப்பே மூட்டலயேடி!

— அப்ப போயி மூட்டுங்க! நானாவுக்கு இன்னொரு டீ!

— ரகசியம் பேசணும்னா பேசு, அதுக்கு என்னய ஏன் வெரட்டுற? போறேன், போறேன்.

— நானா, என் கையப் பாருங்க. ரெண்டு கையையும். எங்கயாச்சும் புதுக் காயம் இருக்கா?

— இல்ல. பழைய தழும்புதான் ஈக்கு.

— மீன் வெட்டுற கத்தியில செதுக்கப் பழகுறவங்களுக்கு எடது கைதான் சம்பளம் குடுக்கும். அந்த லாப்டொப் பேச்ச தொரை வேற ஒரு எடத்துலயும் சொல்லிச் சிரிச்சிருக்காரு. கேட்டவங்களுக்குச் சிரிப்பு வரல. அடுத்த ஞாயித்துக்கெழம நாயக் கூட்டிக்கிட்டு ரோட்டுல நடந்து வந்தவங்க, நான் செதுக்குறதப் பாத்துட்டு நின்னாங்க. இங்கனயே ஒக்காந்தாங்க. எனக்கும் காட்டித் தான்னு கேட்டாங்க. நான் கிளி செதுக்கச் சொல்லிக் குடுக்கலாம்னு பாத்தேன். கிளி வேணாம், நான் செதுக்க வேண்டிய ஆளு ஒன்னு இருக்குன்னாங்க. முடிச்சதும், மூக்கு சரியான்னு பாத்துக்குடுன்னு என் பையில போட்டுட்டுப் போனாங்க. அதத்தான் துவாரகா எடுத்தா. சனம் நான் செஞ்சேன்னு நெனச்சிச்சு, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

— அப்ப இவ்வளவு நாளும் வேற ஆள்ட பழிய நீங்க சுமந்தீங்களா? வேல போகும் இன்டு தெரிஞ்சும்?

— சிரிப்புல பாதி எனக்கும் கெடச்சிச்சே. களவு, பொலிசுன்னு வந்ததும் இன்னிக்கி காலையில அவங்களே எறங்கி வந்தாங்க. நீ ஒன்னும் மறைக்காத, என் பேரச் சொல்லுன்னாங்க.

— நாயக் கூட்டிக்கிட்டு இன்டா... இந்தத் தோட்டத்துல நாயக் கயித்துல கட்டி நடத்துற வீடு ஒண்டே ஒண்டுதானே ஈக்கு. தங்கச்சி! நான் தொரைட்ட போயி என்னண்டு செல்ற?

— கணக்காச் சொல்லுங்க, நீங்க வியாபாரிதானே: பங்களாவுல குளிர்காய கம்பெனி அனுப்புன வெறகுல கட்ட ஒன்னு, என்கிட்ட எரவல் வாங்குன கத்தி ஒன்னு, ஞாயித்துக்கெழம நாலு, பிளாஸ்டர் அஞ்சு, அதுல மூணு காஞ்சு விழுந்தாச்சு, பாக்கி ரெண்டும் தொரசாணியோட எடது கையில இருக்கு, ராத்திரி எண்ணிப் பாத்துட்டு என்ட்ரி போடச் சொல்லுங்க.